பொத்தானைத் தாண்டி ஒரு பாடம்

கம்ப்யூட்டர் வகுப்பில் முதலில் எதைச் சொல்லித் தருவது? திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்வி அரசியல் வரை போயிற்று. பதில் பாதிதான் கிடைத்திருக்கிறது.

ஒரு காலத்தில் திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்த பிள்ளைக்கு அடுத்த விலாசம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான். ஆங்கிலம் லோயர், ஹையர். மலையாளம் லோயர், ஹையர். பொறுமை இருந்தால் சுருக்கெழுத்து. கேரள அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தேறி, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டு, பி.எஸ்.சி. பரீட்சை எழுதி, ரேங்க் லிஸ்டில் பெயர் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். தலைமைச் செயலகமும் டைரக்டரேட்டுகளும் நிறைந்த இந்த ஊரில் இதைவிடப் பத்திரமான வழி நடுத்தரக் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாடிப்படி ஓரத்தில் தொங்கும் போர்டுகள் இப்போது மாறிவிட்டன. டி.சி.ஏ., பி.ஜி.டி.சி.ஏ., டேட்டா என்ட்ரி, ஆபீஸ் ஆட்டோமேஷன், டாலி. ஆனால் கணக்கு பழைய கணக்குதான். கேரள அரசில் டைப்பிஸ்ட் ஆக வேண்டுமென்றால் தட்டச்சுச் சான்றிதழோடு கம்ப்யூட்டர் வேர்ட் பிராசஸிங் சான்றிதழும் வேண்டும். வேறு பல பணிகளுக்கு டி.சி.ஏ. கேட்கிறார்கள். ஆகவே வகுப்பில் சேர வருபவர் முதலில் கேட்கும் கேள்வி, "இதற்கு பி.எஸ்.சி. அங்கீகாரம் உண்டா?" என்பதே. என்ன சொல்லித் தருவீர்கள் என்ற கேள்வி பிறகு வரலாம், வராமலும் போகலாம். கைக்காசைக் கட்டிப் படிப்பவரைக் குறை சொல்ல முடியாது. அங்கீகாரமில்லாத சான்றிதழால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

ஆனால் எல்லா ஊரிலும் தவிர்க்கப்படும் அந்த இரண்டாவது கேள்வியை, 20 ஆண்டுகளுக்கு முன் பொது மேடையில் வைத்து விவாதித்த ஊர் இது. என்ன சொல்லித் தருவது? ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேரில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதையா, அல்லது அந்தப் பொத்தானை அழுத்தினால் தகவலுக்கு என்ன ஆகிறது என்பதையா?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. அங்கே கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டு வருடக் கல்லூரிகள் 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கி நாடெங்கும் பரவின. உள்ளூர் மக்களுக்காக, குறைந்த கட்டணத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்புகளோடு நடப்பவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் 'கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்' என்று ஓர் ஆரம்பப் பாடம் இருக்கும். கம்ப்யூட்டரை வடிவமைக்கும் விஞ்ஞானம் அல்ல இது. ஓர் அலுவலகத்தில் தகவல் எப்படி உள்ளே வருகிறது, எங்கே சேர்த்து வைக்கப்படுகிறது, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், தொலைந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியது. மெஷின் அதில் ஒரு பகுதி. மனிதர்களும் படிவங்களும் விதிமுறைகளும் மீதிப் பகுதி.

இந்தியாவுக்கு 'சமுதாயக் கல்லூரி' தாமதமாகத்தான் வந்தது. 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் முதல் கல்லூரிகள் தொடங்கின. கேரளத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவை அரசு சார்ந்த நிறுவனங்கள். திருவனந்தபுரத்தில் உள்ள எல்.பி.எஸ். மையம், 1973-இல் பிறந்த கெல்ட்ரான், 1987-இல் மாநில அரசு தொடங்கிய ஐ.எச்.ஆர்.டி. ஐ.எச்.ஆர்.டி.யில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவருக்கு டேட்டா என்ட்ரி டிப்ளமா, பிளஸ் டூ முடித்தவருக்கு ஆறு மாத டி.சி.ஏ., பட்டதாரிக்கு ஒரு வருட பி.ஜி.டி.சி.ஏ. என்று படிக்கட்டுப் போல வைத்திருக்கிறார்கள். தனியார் பக்கம் 1981-இல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி.யும் 1986-இல் தொடங்கிய ஆப்டெக்கும் நாடு முழுக்கக் கிளை விரித்தன. அவற்றின் கட்டணத்தைக் கேட்டுத் திரும்பி வந்த குடும்பங்கள்தான் அரசு மையங்களின் வாடிக்கையாளர்கள்.

இன்ஃபர்மேஷன் சிஸ்டம் என்றால் என்ன என்பதைக் காட்ட இந்த ஊரிலேயே ஓர் அருமையான உதாரணம் உண்டு. 2000 ஜூனில் திருவனந்தபுரத்தில் 'ஃபிரண்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு மையம் திறக்கப்பட்டது. மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம், தொலைபேசிக் கட்டணம், வரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆபீசில் வரிசையில் நின்றவர்கள் அதன்பிறகு ஒரே கவுன்ட்டரில் எல்லாவற்றையும் கட்ட முடிந்தது. இரண்டே ஆண்டுகளுக்குள் 14 மாவட்டங்களிலும் மையங்கள் வந்தன. டெல்லியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து பார்த்தார்கள்.

அவர்கள் குறித்துக்கொண்ட விஷயம் சுவாரஸ்யமானது. கவுன்ட்டரில் கம்ப்யூட்டர் இருந்தது. மின்வாரியத்தோடும் குடிநீர் வாரியத்தோடும் அதற்கு நேரடி இணைப்பு இல்லை. யார் எவ்வளவு கட்டினார் என்ற பட்டியலை அச்செடுத்து அந்தந்தத் துறைக்கு ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்கள். அங்கே அதை மறுபடி பேரேட்டில் ஏற்றினார்கள். கேலி செய்யத் தோன்றும். உண்மையில் அது கெட்டிக்காரத்தனம். எல்லாத் துறைகளும் கம்ப்யூட்டர்மயமாகும்வரை காத்திருந்தால் மையம் திறந்தே இருக்காது. எந்தக் கண்ணியை மெஷினிடம் விடலாம், எதை இப்போதைக்கு மனிதரிடம் விடலாம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஆரம்ப வகுப்பில் சொல்லித் தர வேண்டியது இந்த யோசனையைத்தான்.

இன்னொன்று. மின்கட்டண ரசீதில் பெயர் இருந்தும் ஏன் நுகர்வோர் எண் கேட்கிறார்கள்? திருவனந்தபுரத்தில் ஓடும் பஸ்ஸில் 'ராதாகிருஷ்ணன் நாயர்' என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால்தான். ஒருவருக்கு ஒரே எண், ஓர் எண்ணுக்கு ஒரே ஆள். முகவரி மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும், மற்ற இடங்களில் தானே மாற வேண்டும். பேரேட்டை எழுதுபவரும் அதைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. டேட்டாபேஸ் என்ற பயமுறுத்தும் சொல்லின் சாரம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ரேஷன் கடையையும் கூட்டுறவு வங்கியையும் பார்த்து வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் ஒரு வாரத்தில் இதைப் புரிய வைக்கலாம். ஆனால் பல வகுப்புகளில் அந்த ஒரு வாரம் 'மெயில் மெர்ஜ்' செய்யும் ஒன்பது படிகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பதில் கழிகிறது.

பொதுச் சண்டைக்கு வருவோம். 1980-களில் கேரளத்து இடதுசாரித் தொழிற்சங்கங்கள் கம்ப்யூட்டரை எதிர்த்தன. வேலையைப் பறிக்கும் யந்திரம் என்றன. அதே இடதுசாரிகள் ஆண்ட 1990-இல்தான் கார்யவட்டம் பக்கம் டெக்னோபார்க் உருவானது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. கெல்ட்ரானைக் கட்டிய கே.பி.பி. நம்பியாரின் யோசனை, முதல்வர் ஈ.கே. நாயனாரின் அரசு. 1995-இல் பிரதமர் நரசிம்மராவ் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். எதிர்ப்பிலிருந்து ஆதரவுக்கு வந்ததில் முரண்பாடு இருக்கிறது. ஆனால் பழைய சந்தேகம் முழுசாகக் கரைந்துவிடவில்லை. யந்திரம் வரட்டும், ஆனால் அது யாருடையது என்ற கேள்வியாக அது உருமாறிற்று.

2001-இல் மாநில அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. வழிகாட்டிய குழுவுக்குத் தலைவர் விண்வெளி விஞ்ஞானி யு.ஆர். ராவ். அதே ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிதாமகர் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து அந்த இயக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார். யார் வேண்டுமானாலும் இயக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அவர்களது கொள்கை.

முதலில் வந்த பள்ளிப் பாடநூல்கள் மைக்ரோசாஃப்டின் விண்டோஸையும் ஆபீஸையும் சுற்றியே எழுதப்பட்டிருந்தன. அங்கேதான் மோதல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் அரசுச் செலவில் ஒரு தனியார் கம்பெனியின் சரக்கைப் பாடமாக வைப்பதா என்று ஆசிரியர் அமைப்புகளும் மென்பொருள் ஆர்வலர்களும் கேட்டார்கள். 2005-இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் ஐ.டி. கட்டாயப் பாடமாயிற்று. 2006-இல் வி.எஸ். அச்சுதானந்தன் முதல்வரான பிறகு மாற்றம் வேகம் பிடித்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறிவிட்டன. வாத்தியார்களுக்கு வாத்தியார்களே பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் பதிப்பு தயாரானது. திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. தலைமையகம் பூஜப்புரை.

2019-இல் கைட் ஒரு கணக்குச் சொன்னது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் கட்டற்ற மென்பொருளைப் போட்டதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம். கம்ப்யூட்டருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் லைசென்ஸ் கட்டணம் என்று வைத்தால்தான் இந்தத் தொகை வரும். எந்த அரசுப் பள்ளி அவ்வளவு கொடுத்து வாங்கியிருக்கும்? கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மிச்சமான பணத்தைவிடப் பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது. 'வேர்ட்' என்று ஒரு சரக்கின் பெயரைச் சொல்லி வந்த பாடநூல், வேறு வழியில்லாமல் 'சொற்களைத் தொகுக்கும் மென்பொருள்' என்ற பொதுவான கருத்தைச் சொல்ல ஆரம்பித்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டி வந்தபோதுதான் இரண்டுக்கும் பொதுவானது எது என்று ஆசிரியர்களுக்கே பிடிபட்டது.

சரக்கைப் பாடமாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்காரர்கள் தொலைவில் தேட வேண்டாம். மேல்நிலைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடநூலில் பல வருடங்கள் 'ஸ்டார் ஆபீஸ்' இருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியின் மென்பொருள் அது. சன் கம்பெனியை 2010-இல் ஆரக்கிள் விழுங்கியது. 2011-இல் மென்பொருளுக்கும் மூடுவிழா. பாடநூல் மட்டும் அசையவில்லை. 2018-க்குப் பிறகு புதிய பாடத்திட்டம் வரும்வரை, கடைகளிலும் அலுவலகங்களிலும் பார்க்கவே முடியாத ஒரு மென்பொருளின் மெனுக்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினார்கள்.

லினக்ஸுக்கு மாறியதால் மட்டும் நோய் தீர்ந்துவிட்டதா? இல்லை. இலவச மென்பொருளிலும் பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றையும் நெட்டுருப் போடலாம். தவிர, பள்ளியில் லினக்ஸ் படித்து வரும் பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் தனியார் சென்டரில் பணம் கட்டி மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் டாலியும் படிக்கிறது. சாலை பஜாரில் மொத்த வியாபாரிக்குக் கணக்கெழுத வேண்டுமென்றால் அதுதான் கேட்பார்கள். அரசின் கொள்கை ஒரு திசையிலும் சந்தையின் தேவை வேறு திசையிலும் இழுக்க, நடுவில் நிற்கும் குடும்பம் இரண்டு முறை செலவழிக்கிறது.

பள்ளிக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேரளம் வகுப்பெடுத்தது. 2002 நவம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 'அக்ஷயா' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் நடந்தது வடக்கே மலப்புரம் மாவட்டத்தில். வீட்டுக்கு ஒருவருக்குப் பதினைந்து மணி நேரப் பயிற்சி. 140 ரூபாய் கட்டணத்தில் 120 ரூபாயை உள்ளாட்சி அமைப்புகள் ஏற்றன. குடும்பம் கொடுத்தது 20 ரூபாய். மவுஸைப் பிடிப்பது, படம் வரைவது, கடிதம் எழுதுவது, இண்டர்நெட் பார்ப்பது. வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் கணவரோடும் மகனோடும் பேச முடியும் என்பது பல பெண்களை மையத்துக்கு இழுத்து வந்தது. படிக்க வேண்டிய காரணம் வீட்டிலேயே இருந்ததால் வகுப்பு நிரம்பியது.

பயிற்சிக்கான அரசுப் பணம் தீர்ந்ததும் பல மையங்கள் தள்ளாடின. பிறகு அவை சேவை மையங்களாகப் பிழைத்துக்கொண்டன. இன்று கேரளத்தில் ஆதார், வருமானச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம், ஓய்வூதிய மஸ்டரிங் என்று எதற்கும் அக்ஷயாவுக்குத்தான் ஓடுகிறார்கள். கவனித்தால் இதில் ஒரு சோகம் உண்டு. கம்ப்யூட்டரைத் தொடக் கற்றுக்கொடுத்த இடத்திலேயே இப்போது தங்கள் விண்ணப்பத்தை வேறொருவரை நிரப்பச் சொல்லிவிட்டு மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். பதினைந்து மணி நேரத்தில் கை பழகியது. அரசின் படிவம் என்ன கேட்கிறது, ஏன் கேட்கிறது, தவறாக நிரப்பினால் எங்கே போய் முட்டும் என்பது பழகவில்லை. அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஒரு எழுத்துப் பிசகினால் சான்றிதழுக்காக மீண்டும் அலைய வேண்டியது அவர்தானே.

அடுத்த முயற்சி திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே நடந்தது. வெஞ்ஞாறமூடு அருகே புல்லம்பாறை என்ற பஞ்சாயத்து. நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள், கூலி வங்கிக்கு வந்ததா என்று பார்க்க மட்டும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றார்கள். கூலியைத் தெரிந்துகொள்ளக் கூலியை இழக்கும் கொடுமை. 2021-இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. வேலை நடக்கும் இடத்திலும் குடும்பஸ்ரீ கூட்டங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் மொபைல் போனை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்தாகப் புல்லம்பாறை அறிவிக்கப்பட்டது. அதையே மாநிலம் முழுவதும் விரித்தார்கள். சுமார் 83 லட்சம் குடும்பங்களில் கணக்கெடுத்து, ஒன்றரைக் கோடிப் பேரில் 21.88 லட்சம் பேரைக் கற்க வேண்டியவர்களாக அடையாளம் கண்டார்கள். 2025 ஆகஸ்டில் முதல்வர் பினராயி விஜயன் கேரளத்தை முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலமாக அறிவித்தார். தேறியவர்கள் 99.98 சதவீதம் என்கிறது அரசு. ஒரே வேட்பாளர் நிற்கும் தேர்தல் முடிவை இது நினைவூட்டினால் வாசகரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனாலும் வங்கிக்குப் போகாமல் கூலியைப் போனிலேயே பார்த்துவிடுகிற அம்மாவுக்குச் சதவீதம் பற்றிக் கவலை இல்லை.

அதே கேரளத்தில்தான் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிய மோசடிக்காரர்களிடம் டாக்டர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் லட்சக்கணக்கில் பறிகொடுத்தார்கள். பொத்தான்கள் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வங்கி தன்னிடம் ஏற்கெனவே உள்ள தகவலைப் போனில் கேட்காது, போலீஸ் வீடியோ அழைப்பில் கைது செய்யாது என்பது பொத்தான் சம்பந்தப்பட்டதல்ல. தகவல் எங்கே இருக்கிறது, யாருக்கு எதைக் கேட்கும் உரிமை உண்டு என்ற பாடம் அது.

மொழிபெயர்ப்பாளருக்கே உரிய ஓர் இடைச்செருகல். நாம் 'தகவல் தொழில்நுட்பம்' என்கிறோம். மலையாளத்தில் 'விவர சாங்கேதிக வித்யா'. மலையாளத்தில் 'விவரம்' என்றால் செய்தி, கூடவே புத்தி. நம்மிடமும் 'விவரமான ஆள்', 'விவரம் தெரியாத பையன்' என்று வழக்கு உண்டே. தகவல் கைமாறிப் போவது, விவரம் ஆளிடம் தங்குவது. நாற்பது பக்க அகராதியைப் புரட்டித் தேர்ந்த சொல்லைவிட மலையாளி போகிறபோக்கில் எடுத்த சொல் இந்தப் பாடத்துக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

கேரளத்தின் பள்ளி ஐ.சி.டி. பாடநூல்கள் மலையாளத்தில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் வருகின்றன. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தலைநகரிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2024-இல் ஏழாம் வகுப்புப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவு நுழைந்தது. மனித முகத்தைப் பார்த்து அது சிரிக்கிறதா, கோபப்படுகிறதா என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்றைப் பிள்ளைகளே செய்து பார்க்க வேண்டும். மெஷினுக்கு எத்தனை முகங்களைக் காட்டினோம், யாருடைய முகங்களைக் காட்டினோம் என்பதைப் பொறுத்து அது சரியாகவோ தப்பாகவோ சொல்லும் என்பது பன்னிரண்டு வயதிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

டி.சி.ஏ. வகுப்புகள் இதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். பி.எஸ்.சி. எதைக் கேட்கிறதோ அதையே நிறுவனங்கள் கற்பிக்கும். பி.எஸ்.சி. இன்னமும் சான்றிதழின் பெயரைத்தான் கேட்கிறது. கடிதத்தை மெஷினே எழுதித் தரும் காலத்தில் கடிதத்தை வடிவமைக்கும் படிகளுக்கு ஆறு மாதமும் கட்டணமும் கொடுப்பது யாருக்கு லாபம் என்று தேர்வுத்திட்டம் வகுப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். சாலைத் தெருவில் ஒரே வீட்டில் இப்போது இப்படி நடக்கக்கூடும்: ஏழாம் வகுப்புத் தங்கை தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துத் தன் முகத்தையே மெஷினுக்குக் காட்டிச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த அறையில் பட்டதாரி அண்ணன் நாளைய பரீட்சைக்காக மெயில் மெர்ஜின் ஒன்பது படிகளை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.